மச்சானுக்குக் கிடைத்த பதிவு

பூசை முடிந்து சனம் எழும்பப் போகிற நேரத்தில், ஒரு நல்ல செய்தி இருக்கிறது, கொஞ்சம் இருங்கள் என்றார் பங்குத் தந்தை. அன்புவழிபுரத்தில் நிக்கலஸ் நடத்துகிற படகு எஞ்சின் பயிற்சி நிலையத்துக்குக் கொழும்புத் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு கிடைத்துவிட்டதாம். இனி அங்கே படித்துத் தேறுகிற பிள்ளைகளின் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லுமாம். சனம் கைதட்டியது. முன் வரிசை வாங்கில் இருந்த மைக்கல் மாஸ்டரும் தட்டினார். அவர் தட்டிய வேகத்தைப் பார்த்தே, இந்த மனிசன் வீட்டுக்குப் போய் என்ன பாடு படுத்தப் போகுதோ என்று மனைவி அருள்மலருக்கு விளங்கிவிட்டது.

நிக்கலஸ் வேறு யாருமல்ல, மைக்கலின் ஒரே தங்கை எல்சியின் புருசன். அதைவிட மோசம், மைக்கலிடமே தொழில் பழகியவன். ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்த பெடியன், எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகியதோடு நிற்காமல், தேத்தண்ணி கொண்டுவந்த எல்சியின் மனதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதை மைக்கல் எப்படியோ சீரணித்துக்கொண்டார். பிறகு அவன் கொழும்புக்குப் போய் இரண்டு வருசம் டிப்ளோமா படித்துவிட்டு வந்து சொந்தமாக நிலையம் திறந்தான். அதையும் சீரணித்தார். இப்போது இந்தப் பதிவு. இதுதான் தொண்டையில் நின்றுவிட்டது.

மைக்கல் மாஸ்டரைத் தெரியாத மீன்பிடிகாரன் திருகோணமலைக் கரையில் இல்லை. இளவயதில் கப்பல் திருத்துகிற டொக்யாட் வேலைத்தளத்தில் தொழில் பழகியவர். நாட்டு நிலைமை கெட்டு அந்தப் பக்கம் போக முடியாமல் போனபோது உட்துறைமுக வீதியில் தகரக் கொட்டில் ஒன்று போட்டார். வடக்கே இறக்கக்கண்டி தொடங்கித் தெற்கே வெருகல் வரைக்கும் எந்தக் கரையில் எஞ்சின் நின்றாலும், அதைத் திருத்துகிறவன் மைக்கலிடம் பழகியவனாக இருப்பான், இல்லாவிட்டால் அவரிடம் பழகியவனிடம் பழகியிருப்பான். சண்டை மூண்டு ஊர் கலைந்தபோது அவரும் கலைந்தார். அடங்கியதும் திரும்பிவந்து அதே இடத்தில் கொட்டிலைப் போட்டார். பெரிய எஞ்சின் கடலில் ஓடக்கூடாது என்று படையினர் போட்ட கட்டுப்பாடு இருந்த வருசங்களில், இருந்த சின்ன எஞ்சின்களை இழுத்துப்பிடித்து ஓடவைத்தது அவர் கைதான். இந்தப் பெயர் போதும், சாகும்வரைக்கும் தாங்கும் என்று நினைத்திருந்தார்.

பூசை அறிவிப்புக்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பின்னேரங்களில் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்புவழிபுரத்துக்குப் போவார். எல்சி வீட்டில் இருப்பாள், இவர் கண் பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும். வாசலில் புதிதாக நட்ட நீலப் பலகை. அதிலே பதிவு இலக்கம். உள்ளே சீமெந்துத் தரை, சுவரிலே ஸ்பானர் முதலான திருத்துகிற ஆயுதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆணி, மூலையில் சிவப்பு மை அடித்த மண்வாளி. நெருப்புப் பிடித்தால் அணைக்கவாம். எஞ்சின் திருத்துகிறவனுக்கு மண்வாளி எதற்கு என்று வீட்டில் வந்து சத்தம்போட்டார். பதிவு இலக்கத்தைக் கேட்டுவிட்டா எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்று அருள்மலரிடம் கேட்டார். அவள், உங்கட வயித்தெரிச்சலை அடுப்பில வைச்சால் விறகு மிச்சம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

ஆனால் அந்த இலக்கத்தை யாரோ கேட்கத்தான் செய்தார்கள். அது சுனாமிக்கு அடுத்த வருசம். சமாதானம் என்று பேருக்கு இருந்தது, அதுவும் தேய்ந்துகொண்டு வந்தது. கடல் அடித்துக்கொண்டுபோன படகுகளுக்குப் பதிலாக உதவி நிறுவனங்கள் புதுப் படகும் புது எஞ்சினும் கொடுத்திருந்தன. அவற்றைப் பராமரிக்கக் கரையோரமாகத் திருத்தக் கொட்டில்கள் திறக்கப் போவதாகவும், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்துநரைச் சம்பளத்துக்கு எடுக்கப் போவதாகவும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் அறிவித்தது. ஒரேயொரு நிபந்தனை. பதிவுபெற்ற நிலையத்தின் சான்றிதழ் வேண்டும், வாடைக்காற்று தொடங்க முன் அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

மைக்கலிடம் அப்போது பழகிக்கொண்டிருந்தவர்களில் சுபைதா என்ற பெண்ணும் ஒருத்தி. இறக்கக்கண்டிக்காரி. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, மூன்று பிள்ளைகளோடு தாய்வீட்டில் ஒதுங்கியிருந்தவள். பொம்பிளை எஞ்சின் பழகுவதா என்று ஊரிலே ஆளாளுக்குச் சிரித்தார்கள். மைக்கலும் முதலில் சிரித்தவர்தான். ஒரு மாதத்தில் அவள் கைவாகைப் பார்த்துவிட்டு, இவளை மாதிரி ஒருத்தி நிக்கலஸிடம் இல்லை என்று மனதுக்குள் ஒரு கொடி ஏற்றி வைத்தார். இறக்கக்கண்டிக் கொட்டில் தனக்குக் கிடைக்க வேண்டும் என்பது சுபைதாவின் ஒரே நினைப்பு. அவள் ஊரிலேயே, அவள் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிரந்தரச் சம்பளம்.

பார்ப்பம் ஒரு கை என்று மைக்கலும் பதிவுக்கு விண்ணப்பித்தார். தகரத்துக்கு மை அடித்தார். வாங்குகளைத் தட்டிப் பூட்டினார். ஒரு மண்வாளி வாங்கிச் சிவப்பு மை அடித்து மூலையில் வைத்தார். அருள்மலர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை முந்தானையால் மூடினாள்.

கொழும்பிலிருந்து ஒரு சிங்கள உத்தியோகத்தரும் ஒரு தமிழ் அம்மாவும் பார்வையிட வந்த அன்று, கொட்டிலுக்கு முன்னால் சனம் கூடிவிட்டது. வெருகலிலிருந்து காசிநாதர் ஒரு பாரை மீனைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்திருந்தார். படகுச் சம்மாட்டி கலீலுர் றஹ்மான் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். யாரையாவது படையினர் பிடித்துக்கொண்டு போனால், ஊர்ப் பெரியவர்கள் திரண்டு முகாமுக்குப் போய், இவர் நல்ல மனிசர், எங்களுக்குத் தெரிந்தவர் என்று பொறுப்புச் சொல்லி மீட்டு வருவது அந்தக் காலத்து வழக்கம். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து மைக்கலை விசாரிக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டதும், கரையே அந்த வழக்கப்படி பொறுப்புச் சொல்லக் கிளம்பிவிட்டது. மைக்கலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிக்கலஸுக்கு இப்படி ஒரு குஞ்சாவது வந்திருக்குமா என்று நினைத்தார். அந்த அம்மா எல்லாரையும் கும்பிட்டு, மீனையும் திருப்பிக் கொடுத்து, தயவுசெய்து வெளியில் இருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு கேள்விகள் வந்தன. பாடம் யார் எடுப்பது என்றாள். நான் என்றார். சோதனை வைப்பது? அதுவும் நான். சான்றிதழில் கையெழுத்து? அதுவும் நான்தான். இதுவரைக்கும் தேறாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். மைக்கல் இதற்காகத்தான் காத்திருந்தவர் போலச் சிரித்தார்.

"ஒருத்தரும் இல்லை அம்மா. பழகி முடியாமல் நான் ஆரையும் வெளியில விடுறேல்லை."

அந்த அம்மா சிரிக்கவில்லை. உங்கள் கைவேலையில் எங்களுக்குச் சந்தேகமில்லை என்று ஆரம்பித்து, பதிவு என்றால் என்ன என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள். என்ன பழக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பழக்குகிறவரையும் யாராவது சோதித்திருக்க வேண்டும். நாளைக்கு மாஸ்டர் நோயில் விழுந்தாலும் பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாது. கடைசியில், பழக்கினவர் அல்லாத வெளியாள் ஒருவர் வந்து சோதிக்க வேண்டும். இதெல்லாம் இருக்கிறதா என்று இடைக்கிடை திரும்பவும் வந்து பார்ப்போம். இப்படித் தேறிய பிள்ளை தெற்கே காலி நகரில் போய் வேலை கேட்டாலும் மேல் வகுப்புக்குப் போனாலும் திரும்ப அரிச்சுவடியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. நீங்களே பழக்கி, நீங்களே சோதித்து, நீங்களே கையெழுத்து வைத்தால் அந்தப் பிள்ளை உங்கள் நிழலைவிட்டு வெளியே போக முடியாது.

பதிவு கிடைக்கவில்லை. ஆனால் போகிறபோது அந்த அம்மா ஒரு வழி சொன்னாள். வேறு இடத்தில் பழகியவர்களும் பதிவுபெற்ற நிலையம் ஒன்றுக்குப் போய், வெளித் தேர்வாளர் முன்னால் சோதனைக்கு இருக்கலாம். கிட்டடியில் அப்படி ஒன்று அன்புவழிபுரத்தில் இருக்கிறது, அங்கே கதைத்துப் பாருங்கள் என்றாள். மைக்கல் தலையாட்டினார். அந்த நீலப் பலகை அவர் கண்ணுக்குள் வந்து நட்டுக்கொண்டது.

அந்தக் கிழமையே எல்சி வந்தாள். தேர்வாளர் ஐப்பசியில் வருகிறார், அண்ணையிடம் பழகுகிற பிள்ளைகளுக்கும் இடம் வைத்திருக்கிறேன், எல்லாரையும் அனுப்பச் சொல்லு என்று நிக்கலஸ் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவள் முகத்தில் அண்ணனுக்கு ஒரு நல்லது செய்கிற சந்தோசம் இருந்தது. மைக்கலுக்கு அந்தச் சந்தோசம்தான் முள்ளாகக் குத்தியது. தன் தங்கை தனக்குப் பிச்சை கொண்டுவந்திருக்கிறாள் என்று தோன்றியது. பார்ப்பம் என்றார். எல்சி போனபிறகு, அவன் இடம் வைத்திருக்கிறானாமே, என் பிள்ளைகளுக்கு, அவன் இடம் வைக்கிறதாமே என்று கொட்டிலுக்குள் தனியாக நடந்துகொண்டு சொன்னார்.

அடுத்தநாள் பிள்ளைகள் அன்புவழிபுரத்துச் சோதனையைப் பற்றிக் கேட்டபோது, அங்கே இடமில்லையாம் என்று சொல்லிவிட்டார். வாயிலிருந்து அது எவ்வளவு இலகுவாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். அதுக்கென்ன, நிறுவனத்துக்காரரிட்டை என்ரை பேரைச் சொல்லிக் கேளுங்கோ, வேலை தருவினம் என்றும் சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சுபைதா மட்டும், நிறுவனத்துக்காரர் ஒங்களத் தெரிஞ்ச ஆக்களா மாஸ்டர் என்று கேட்டாள். தெரியாதவன் ஆர் இருக்கிறான் என்று மைக்கல் சிரித்தார்.

நிறுவனத்துக்காரரில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. சுபைதா போய்க் கேட்டிருக்கிறாள். அவர்கள் மரியாதையாக உட்காரவைத்து, பதிவு இலக்கம் இல்லாத சான்றிதழை ஏற்க முடியாது, வாடைக்கு முன் கொண்டுவந்தால் இறக்கக்கண்டிக்கு உங்களைத்தான் எடுப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் வந்து இதை மைக்கலிடம் சொன்னாள். உண்மையைச் சொல்ல அப்போது ஒரு வாசல் திறந்திருந்தது. அதற்குள்ளால் போனால் நிக்கலஸின் முற்றத்தில்தான் போய் நிற்க வேண்டும் என்பதால் அவர் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சுபைதா கொட்டிலுக்கு வந்தாள். வேலைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நிலாவெளி றோட்டுச் சோதனைச்சாவடியில் பஸ்ஸில் வந்தவர்களை இறக்கி வரிசையில் விட்டபோது, பக்கத்தில் நின்ற எல்சி அவளைக் கண்டு, ஏன் ஒருத்தரும் சோதனைக்குப் பேர் குடுக்கேல்லை, அவர் இடம் பிடிச்சு வைச்சிருக்கிறார் என்று கேட்டிருக்கிறாள்.

மைக்கல் கையிலிருந்த எஞ்சின் பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ துடைத்து முடிந்த பிளக்.

"மாஸ்டர், அந்தச் செக்பொயின்டில ஆமிக்காரன் ஐடென்டி காட் கேக்கக்குள்ள, மைக்கல் மாஸ்டரக் கேளுங்க, நான் நல்ல பொம்புள எண்டு சொல்லுவாரு எண்டா என்ன விடுவானா?" என்றாள் சுபைதா. "ஒங்களத் தெரிஞ்ச ஊருக்குள்ள எனக்கு ஒரு பேப்பரும் தேவல்ல. தெரியாத ஆக்களுக்குத்தானே பேப்பர்."

அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பார். அவள் இரண்டும் செய்யாமல், நான் இப்ப அங்கதான் போறன் என்று சொல்லிவிட்டு நடந்தாள். மைக்கல் பிளக்கைக் கீழே வைத்தார். நிக்கலஸின் மீதிருந்த எரிச்சலில் இவளுடைய அடுப்பில் தண்ணியை ஊற்றிவிட்டேனே என்று முதல்தடவையாக வெட்கப்பட்டார். பிறகு சைக்கிளை எடுத்து, மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டு, அவள் பின்னாலேயே அன்புவழிபுரத்துக்குப் போனார்.

நிக்கலஸ், வாங்கோ மச்சான் என்று கதிரை எடுத்துப் போட்டான். ஏன் பிந்தினது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மைக்கல் சண்டைபிடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். அந்த வசதியையும் அவன் கொடுக்கவில்லை.

ஐப்பசியில் தேர்வாளர் வந்தார். மட்டக்களப்பு ஆள், பெயர் இராசையா. நிக்கலஸையும் அவருக்குப் பழக்கமில்லை, மைக்கலையும் பழக்கமில்லை. அவர் ஒரு நடைமுறை சொன்னார். வெளியில் பழகியவர்களைப் பற்றி, பழக்கினவர் முதலில் வந்து, எந்தெந்தப் பகுதி பழக்கினது என்று சொல்ல வேண்டும். பழகாத பகுதி இருந்தால் அதை இந்த நிலையத்தில் பழகிவிட்டு, இன்னும் இரண்டு கிழமையில் அவர் திரும்ப வரும்போது சோதனைக்கு இருக்கலாம். பழகினது என்று சொல்லிச் செய்யத் தெரியாமல் நின்றால், அடுத்த முறைதான். அடுத்த முறை மாசியில்.

மேசைக்கு ஒரு பக்கத்தில் இராசையா, எதிரில் மைக்கல், பக்கத்தில் சுபைதா. ஆயுதம் எடுத்துக் கொடுக்க நிக்கலஸ் சுவரோடு நின்றான். காபரேட்டர் என்றார் இராசையா. பழக்கினது என்றார் மைக்கல். பிஸ்டன், கியர், தண்ணிப் பம்ப் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்று மைக்கல் நிமிர்ந்து சொன்னார், ஒவ்வொரு ஓமுக்கும் ஒருதரம் நிக்கலஸைப் பார்த்தார்.

"புது எஞ்சினில பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற கறுப்புப் பெட்டி இருக்கெல்லே, அதைச் சோதிக்கிற முறை?"

மைக்கல் சின்ன எஞ்சின்களோடு கிடந்த அத்தனை வருசத்தில் அந்தப் பெட்டி அவர் கரைக்கு வந்ததே இல்லை. புது எஞ்சின்களோடு அது வந்தபோது, அதுக்குள்ள ஒன்றும் இல்லை, பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளும் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். மீற்றர் வைத்து அதைச் சோதிக்க நிக்கலஸுக்குத் தெரியும். தெரியும் என்பதாலேயே அவனிடம் கேட்காமல் இருந்தார்.

ஓம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சுபைதா அந்தப் பெட்டிக்கு முன்னால் போய்க் கை பிசைந்துகொண்டு நிற்பாள், இறக்கக்கண்டிக் கொட்டில் வேறு யாருக்கோ போகும். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் பழக்கேல்லை" என்றார் மைக்கல்.

இராசையா நல்ல மனிசர். பழக்க நேரம் போதாமல் போயிருக்கும், என்ன என்று அவராகவே ஒரு வழி விட்டுக்கொடுத்தார். மைக்கல் அந்த வழியைப் பார்த்தார். சுவரோடு நின்றவனையும் பார்த்தார்.

"நேரம் கிடந்தது. எனக்குத் தெரியாது."

நிக்கலஸ் சட்டென்று குனிந்து கீழே கிடக்காத ஏதோ ஒன்றைத் தேடினான். மச்சானின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவன் அப்படிச் செய்தான் என்பது மைக்கலுக்கு விளங்கியது. அவன் சிரித்திருந்தாலே பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. இராசையா தலையாட்டிவிட்டு, அப்ப அந்தப் பகுதி இரண்டு கிழமைக்குப் பிறகு, மற்றதெல்லாம் இன்றைக்கே பார்ப்பம் என்று சுபைதாவை எழும்பச் சொன்னார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது நிக்கலஸ் சைக்கிள் வரைக்கும் கூட வந்தான். சொல்லவா விடவா என்று கொஞ்ச நேரம் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"திங்கள் தொடக்கம் பிள்ளையளுக்கு அந்தப் பாடம் எடுக்கிறன் மச்சான். நீங்களும் வாங்கோவன்."

வாழ்க்கையில் அவருக்கு வந்த கோபங்களுக்குள் அதுதான் பெரிது. வீடுவரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தார்.

திங்கட்கிழமை அவர் போனார். கடைசி வாங்கில் சுபைதாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தப் பாடத்தைப் பழகித்தான் அவள் தேறினாள், வாடை தொடங்க முன்னமே இறக்கக்கண்டிக் கொட்டிலையும் பிடித்தாள். அவளுடைய சான்றிதழில் மைக்கலின் பெயர் எந்த மூலையிலும் இருக்கவில்லை. ஆனால் அந்த முதல் நாள் அதெல்லாம் அவர் நினைப்பில் இல்லை. நிக்கலஸ் மேசையில் கறுப்புப் பெட்டியைக் கவிழ்த்துவைத்து, எந்தக் கம்பிக்கும் எந்தக் கம்பிக்கும் நடுவில் மீற்றரைப் பிடிக்க வேண்டும், முள் எங்கே நின்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று, ஒன்றும் தெரியாதவனுக்கும் விளங்கும்படி ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போனான். எறிந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக மைக்கலின் கண்ணுக்கு முன்னால் வந்தன. சுபைதா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். மைக்கலுக்கும் எல்லாம் விளங்கியது. அவன் பாடம் நன்றாகத்தான் எடுத்தான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.